கால் மரத்தாலும் நடை மறக்க வேண்டாம்!

சர்க்கரை நோயில் பாத எரிச்சல், தடுமாற்றம்... வீட்டிலேயே ஒரு பிசியோதெரபி பாடம்

"ராத்திரி படுத்தா ரெண்டு பாதமும் மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி எரியுது டாக்டர்..."

"நடக்கறப்போ தரை தரையாவே தெரியலை. பஞ்சு மெத்தை மேல நடக்கற மாதிரி இருக்கு."

"செருப்பு வாசல்லயே கழண்டு விழுந்துடுச்சு. நான் பாட்டுக்கு ஒத்தைச் செருப்போட தெருமுனை வரைக்கும் போயிட்டேன். பக்கத்து வீட்டுப் பையன்தான் ஓடிவந்து கொடுத்தான்!"

சர்க்கரை நோய் டாக்டர்கள் தினமும் கேட்கிற பேச்சு இது. மூன்றும் மூன்று வியாதி இல்லை. ஒரே கோளாறின் மூன்று முகங்கள். அந்தக் கோளாறின் பெயர் நரம்புப் பாதிப்பு. பலர் இதற்கு 'நரம்புத் தளர்ச்சி' என்று தாங்களே பெயர் வைத்து, மருந்துக் கடையில் டானிக் வாங்கிக் குடித்துக் காலத்தை ஓட்டிவிடுகிறார்கள். டானிக்கால் தீருகிற சமாச்சாரம் இல்லை இது.

2023-ல் வெளியான அகில இந்திய ஆய்வின்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி பேர். உங்கள் குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார். அவருடைய காலை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

எரிகிற கால்... மரத்த கால்...

உடம்பிலேயே நீளமான நரம்புகள் இடுப்பிலிருந்து கால்விரல் நுனி வரை ஓடுகின்றன. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். ரத்தத்தில் சர்க்கரை பல வருடங்கள் கூடுதலாகவே இருந்தால், நரம்பும் கெடுகிறது. அதற்குச் சாப்பாடு கொண்டுபோகும் பொடி ரத்தக் குழாய்களும் கெடுகின்றன. நீளமான வயரில்தானே முதலில் கோளாறு வரும்? அதனால்தான் தொல்லை கால்விரலில் தொடங்கி, சாக்ஸ் போட்ட மாதிரி மெல்ல மேலே ஏறுகிறது. முழங்காலை நெருங்கும்போது கைவிரல்களிலும் ஆரம்பிக்கும்.

"மரத்துப்போன கால் எப்படி சார் எரியும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழுதான காலிங்பெல்லை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் வந்து அழுத்தினால் அடிக்காது. யாருமே இல்லாத நடுராத்திரியில் தானாக அடிக்கும்! கெட்டுப்போன நரம்பும் அப்படித்தான். முள் குத்தினால் சொல்லாது. சும்மா படுத்திருக்கும்போது 'எரிகிறது, குத்துகிறது' என்று பொய்த் தகவல் அனுப்பும். சிலருக்குப் போர்வை உரசினால்கூடத் தாங்காது.

எரிச்சல் இருந்தால் மனிதர் டாக்டரிடம் ஓடிவிடுவார். மரத்துப்போனால்? "இப்போ எரிச்சலே இல்லை, குணமாயிடுச்சு" என்று சந்தோஷப்படுவார். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

வேலூர் சொல்லிக் கொடுத்த பாடம்

வலி இல்லாத பாதம் என்ன ஆகும் என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னது நம் ஊர்தான். டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வேலைக்கு வந்தார். தொழுநோயாளிகளின் கை, கால் விரல்களை நோய்தான் தின்றுவிடுகிறது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. 'இல்லை, நோய் உணர்ச்சியை மட்டும்தான் பறிக்கிறது. உணர்ச்சி இல்லாததால் தெரியாமல் சுட்டுக்கொண்டும், வெட்டிக்கொண்டும், புண்ணின் மேலேயே நடந்தும்தான் விரல்கள் போகின்றன' என்று அவர் நிரூபித்தார். தூங்கும்போது எலி கடித்ததுகூடத் தெரியாமல் விரலை இழந்தவர்கள் இருந்தார்கள்.

பின்னாளில் அவர் அமெரிக்கா போனபோது, சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணிலும் இதே கதை நடப்பதைப் பார்த்தார். தொழுநோயாளிகளுக்காக வேலூரில் உருவான மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் எழுதிக் கொடுக்கிறார்கள்.

ஏன் தடுமாறுகிறோம்?

நாம் விழாமல் நிற்பதற்கு மூளைக்கு மூன்று பேர் தகவல் சொல்கிறார்கள். ஒன்று, கண். இரண்டு, காதுக்குள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு. மூன்று, பாதமும் கணுக்காலும். 'தரை சரிவாக இருக்கிறது, வலது பக்கம் பாரம் கூடுகிறது' என்று நொடிக்கு நொடி செய்தி அனுப்புவது பாதம்தான்.

பாதம் மௌனமாகிவிட்டால் கண்ணை நம்பித்தான் நடை. பகலில் சமாளித்துவிடுவார். கரண்ட் போனால்? ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால்? முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடினால்? அப்போதுதான் ஆட்டம் காண்கிறது. வாஷ்பேசின் முன்னால் கண்ணை மூடியதும் ஒரு கை தானாகச் சுவரைத் தேடுகிறதா? அதுவே ஓர் அறிகுறி.

ஒரு தடவை விழுந்தவரை வீட்டில் என்ன சொல்கிறோம்? "பேசாம உட்காருங்கப்பா... தண்ணி நான் எடுத்துட்டு வரேன்." பாசம்தான். ஆனால் உட்கார உட்கார ஆடுசதை மெலிகிறது. கணுக்கால் இறுகுகிறது. இறுகிய கணுக்காலால் நடந்தால் பாரம் முழுவதும் பாதத்தின் முன்பக்கம் இறங்கி, காய்ப்பு வந்து, அதனடியில் புண் வருகிறது. உழைக்காத தசை சர்க்கரையை எடுத்துக்கொள்ளாததால் சர்க்கரையும் ஏறுகிறது. விழாமல் இருக்கத்தான் உட்கார வைத்தோம். அதுவே அடுத்த தடவை விழுவதற்கு வழி செய்கிறது!

மரத்த நரம்பை எழுப்ப முடியாவிட்டாலும், சுற்றியிருக்கும் தசையைப் பலப்படுத்தலாம். மிச்சமிருக்கும் உணர்ச்சியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள மூளையைப் பழக்கலாம். பிசியோதெரபியின் வேலை இதுதான்.

முதலில் இரண்டு டெஸ்ட்

விரல் தொடும் டெஸ்ட்: அப்பாவைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரலால் அவருடைய கால் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை இலேசாக ஒன்றிரண்டு நொடி தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஒரு விரலை ஒரு தடவைதான். தொட்டது தெரிந்தால் 'வலது', 'இடது' என்று அவர் சொல்ல வேண்டும். இரண்டு காலுக்கும் சேர்த்து ஆறு தொடுதல். இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊர் டாக்டர்கள் 2011-ல் வெளியிட்ட எளிய முறை இது. காசு செலவில்லை. ஆஸ்பத்திரியில் நைலான் இழையாலும், அதிர்வு பார்க்கும் கருவியாலும் இதையே துல்லியமாக அளப்பார்கள்.

எழுந்து நடக்கும் டெஸ்ட்: நாற்காலியிலிருந்து எழுந்து, 10 அடி நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். பக்கத்தில் ஓர் ஆள் நின்றுகொண்டு கடிகாரத்தைப் பார்க்கட்டும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால், விழும் அபாயம் இருக்கிறது என்று அர்த்தம்.

இவர்கள் பொறுக்க வேண்டும்

பயிற்சிக்கு முன் சாக்ஸைக் கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். அடிப்பாதம் தெரியாவிட்டால் கீழே ஒரு கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்.

* புண், கொப்புளம், விரலிடுக்கில் வெடிப்பு இருந்தால் நின்று செய்யும் பயிற்சி வேண்டாம். முதலில் டாக்டர்.

* ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றதைவிடச் சூடாக இருக்கிறதா? வலி இல்லையே என்று விடாதீர்கள். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். 'சார்க்கோ பாதம்' என்பார்கள். அந்தக் காலை ஊன்றாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

* நடந்தால் ஆடுசதை இழுத்துப் பிடித்து, நின்றால் சரியாகிறதா? அது ரத்த ஓட்டக் குறைவாக இருக்கலாம். நெஞ்சு வலி, மூச்சிரைப்பு இருந்தாலும் டாக்டரைப் பார்த்த பிறகே பயிற்சி.

* கண்ணில் ரத்தக்கசிவு, லேசர் சிகிச்சை என்று இருந்தால் கண் டாக்டரைக் கேட்காமல் கனம் தூக்குவதும், மூச்சை அடக்கிச் செய்வதும் கூடாது.

* இன்சுலின் அல்லது சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்யக் கூடாது. கையெட்டும் தூரத்தில் குளுக்கோஸ் இருக்கட்டும். வியர்த்து, படபடத்தால் உடனே நிறுத்தி, மூன்று ஸ்பூன் கரைத்துக் குடிக்க வேண்டும்.

* எழுந்தவுடன் கண் இருட்டுகிறதா? படுத்தும் நின்றும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். இதுவும் நரம்புக் கோளாறின் வேலையாக இருக்கலாம். படுக்கையில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழுவது நல்லது.

தினம் 15 நிமிஷம்... ஏழு பயிற்சிகள்

ஒரு தடவையாவது பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டி, எது உங்களுக்குப் பொருந்தும் என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். காலில் மெத்தென்ற, பின்பட்டை வைத்த செருப்போ ஷூவோ இருக்கட்டும். கிச்சன் மேடைதான் நமக்கு ஜிம்! பிடித்துக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது.

1. கணுக்கால் அசைவு: நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தை மேலே, கீழே 20 தடவை. பிறகு கட்டைவிரலே பேனா என்று நினைத்துக் காற்றில் 'அ, ஆ, இ, ஈ' எழுதுங்கள். பேரன் பேத்தியைக் கண்டுபிடிக்கச் சொன்னால் அலுக்காது.

2. துண்டு சுருட்டல்: இதை மட்டும் செருப்பில்லாமல், உட்கார்ந்தபடி செய்ய வேண்டும். தரையில் மெல்லிய துண்டை விரித்து, கால்விரல்களாலேயே உங்கள் பக்கம் இழுத்துச் சுருட்டுங்கள். ஒவ்வொரு காலுக்கும் ஐந்து தடவை. பாதத்துச் சின்னத் தசைகளுக்கு வேலை.

3. ஆடுசதை இழுப்பு: சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வையுங்கள். குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது. முன் முழங்காலை மடக்கிச் சாயுங்கள். 30 விநாடி. காலுக்கு மூன்று தடவை.

4. உட்கார்ந்து எழுதல்: கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மெதுவாக உட்காருங்கள். முதல் வாரம் ஐந்து, போகப்போகப் பத்து. முடியாதவர்கள் கை ஊன்றியே தொடங்கலாம்.

5. குதிகால் தூக்கல்: மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் தூக்கி, மூன்று எண்ணி இறக்குங்கள். பத்துப் பத்தாக இரண்டு முறை.

6. நிற்கும் பயிற்சி: பாதங்களைச் சேர்த்து வைத்து 30 விநாடி. அது சுலபமான பிறகு, ஒரு பாதத்தைப் பாதியளவு முன்னே வைத்து 30 விநாடி. அதுவும் வந்துவிட்டால், ஒரு குதிகாலுக்கு நேர் பின்னால் மற்றக் காலின் விரல் தொடும்படி வைத்து நிற்பது. கடைசியில்தான் ஒற்றைக்கால், பத்து விநாடி. முதலில் இரண்டு கையால் பிடி, பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல், அப்புறம் சும்மா. அவசரமே வேண்டாம். ஒரு படிக்கு இரண்டு வாரம் ஆனாலும் பரவாயில்லை. கண்ணை மூடி நிற்பது பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

7. கோட்டின் மேல் நடை: மேடையை ஒட்டிப் பக்கவாட்டில் பத்து அடி வலது, பத்து அடி இடது. பிறகு சுவரை ஒட்டி, டைல்ஸ் கோட்டின் மேல் ஒரு பாதத்துக்கு முன் ஒரு பாதமாக நடை.

இதோடு சமதரையில் நடைப்பயிற்சி. வாரத்துக்கு 150 நிமிஷம் என்பது இலக்கு. பத்துப் பத்து நிமிஷமாகப் பிரித்துக்கொள்ளலாம். தடுமாற்றம் அதிகமானால் உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள் நல்லது. பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். முதல் நாள் எடுத்த 'எழுந்து நடக்கும் டெஸ்ட்' விநாடிக் கணக்கைக் காலண்டரில் குறித்து வைத்து, மாதம் ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள். எண் இறங்குவதைப் பார்க்கும் உற்சாகமே தனி!

வீட்டையும் கொஞ்சம் மாற்றுங்கள்

பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை நைட்லாம்ப். ஓரம் சுருண்ட மிதியடிகளை எடுத்துவிடுங்கள். தலைக்குக் குளிப்பது ஸ்டூலில் உட்கார்ந்து. பேண்ட் போடுவதும் உட்கார்ந்தே. எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு தரையைக் கழுவியாக வேண்டும்.

வீட்டுக்குள்ளும் செருப்பு. 'வீட்டுக்குள்ளே செருப்பா?' என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். வீட்டுக்கென்றே தனி ஜோடி வாங்கிக் கொடுங்கள். கோயிலில் சித்திரை வெயில் கருங்கல் மரத்த பாதத்தை நிமிஷத்தில் பொத்துவிடும். அதிகாலையில் போகலாம். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு அதற்கு வேண்டிக்கொள்ளாமல் இருப்பதே மேல்.

கேட்கிறார்கள்... சொல்கிறோம்!

"கால் எரியறப்போ வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா?"

கூடவே கூடாது. வெந்நீர்ப் பை, மெழுகு ஒத்தடம், ஹீட்டர் எதுவும் மரத்த காலுக்கு ஆகாது. சுட்டது தெரியாமல் தோல் வெந்துவிடும். ஐஸும் வேண்டாம். கால் கழுவும் நீரின் சூட்டைக் கையாலோ, கையும் மரத்திருந்தால் முழங்கையாலோ பாருங்கள். எண்ணெய் தடவலாம். ஆனால் விரலிடுக்கில் வேண்டாம், எழுந்து நடக்குமுன் துடைத்துவிட வேண்டும்.

"குத்து வைத்த அக்குபிரஷர் செருப்பு, கூழாங்கல் நடை?"

உணர்ச்சி உள்ளவர்களுக்கு அது அவரவர் இஷ்டம். மரத்த பாதத்துக்கு வேண்டவே வேண்டாம். குத்துகிற இடமெல்லாம் புண்ணுக்கு அச்சாரம்!

"கரண்ட் வைக்கிறார்களே, பலன் உண்டா?"

'டென்ஸ்' என்ற சிறிய மின்கருவி சிலருக்கு எரிச்சலைக் குறைக்கிறது. பேஸ்மேக்கர் உள்ளவர்கள் வைக்கக் கூடாது. உணர்ச்சியே இல்லாத இடத்தில் பேடு ஒட்டினாலும் தோல் சுடலாம் என்பதால், தெரிந்தவர் கையால்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அது எரிச்சலுக்கு மட்டும். தடுமாற்றத்துக்குப் பயிற்சிதான் மருந்து.

"மாத்திரை சாப்பிடறோமே, போதாதா?"

பிரிகாபாலின், அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின் போன்றவை எரிச்சலைக் குறைத்துத் தூங்க உதவும். உணர்ச்சியைத் திருப்பித் தராது. சிலருக்குத் தூக்கக் கலக்கம், தலைச்சுற்றல் வரும். அப்படியானால் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அதுவும் இதே மாதிரி மரத்துப்போகச் செய்யும் என்பதால் ஒரு ரத்தப் பரிசோதனை அவசியம்.

"நடந்தா புண் வராதா?"

இந்தப் பயம் டாக்டர்களுக்கே இருந்தது. மரத்த கால் உள்ளவர்களை நடக்க விடாமல் வைத்திருந்த காலமும் உண்டு. 2008-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இப்படிப்பட்ட 79 பேரில் ஒரு பகுதியினருக்குப் பயிற்சியும் நடையும் கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் அவர்களுக்குப் புண் கூடவில்லை. ஆனால் சரியான காலணியும், தினமும் பாதத்தைப் பார்ப்பதும் கட்டாயம்.

"பிசியோதெரபிக்கு ரொம்பச் செலவாகுமே?"

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே பிரிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடி வரும் பிசியோதெரபியும் சேர்க்கப்பட்டது. உங்கள் ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

"போன உணர்ச்சி திரும்ப வருமா?"

முழுசாக வரும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். 2012-ல் அமெரிக்காவின் கான்சாஸில் 17 பேருக்குப் பத்து வாரம் பயிற்சி கொடுத்த சின்ன ஆய்வு ஒன்றில், வலி குறைந்தது. தோலில் நுண்ணிய நரம்பு இழைகள் புதிதாகக் கிளைவிட்டதும் தெரிந்தது. நம்பிக்கை தரும் சேதிதான். ஆனால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, மேலும் கெடாமல் பார்த்துக்கொள்வதே நிச்சயமான லாபம். நரம்பு திரும்பாவிட்டாலும் நடையில் உறுதி திரும்பும். விழாமல் பாத்ரூம் போய் வருவதும், துணையில்லாமல் கடைத்தெரு போவதும் சின்ன விஷயமா என்ன?

இன்று சாயங்காலம் அப்பாவோ மாமியாரோ எழுந்திருக்கும்போது, "உட்காருங்க" என்று சொல்ல வாய் வரும். அதை நிறுத்திவிட்டு, "வாங்க, மேடையைப் பிடிச்சுக்கிட்டுப் பத்து தடவை குதிகால் தூக்கலாம்" என்று கூப்பிடுங்கள். நீங்களும் பக்கத்தில் நின்று தூக்குங்கள். உங்கள் கால்களுக்கும் அது நல்லதுதானே!